ரிலீவர் வரும் வரை

ஜனவரி 6, திங்கள்

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி கம்பெனியில் எல்லோருக்கும் புது வருட டைரி கொடுத்தார்கள். முப்பத்தொன்றாம் தேதி கம்பெனியை மூடினார்கள். எழுத முந்நூற்று அறுபத்தைந்து பக்கம் இருக்கிறது, நேரமும் நிறைய இருக்கிறது. விஷயம்தான் இல்லை.

ஆனாலும் கொடுத்த பொருளை வீணாக்கக் கூடாது. என் பெயர் நாச்சிமுத்து. வயது நாற்பத்தொன்பது. பத்தாம் வகுப்பு பாஸ். கணக்கில் முப்பத்தாறு மார்க்; அதிலும் வாத்தியாரின் கருணை கொஞ்சம் கலந்திருக்கும். கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் பம்ப் பாகங்கள் வார்க்கும் பவுண்டரியில் இருபத்திரண்டு வருடம் உலை ஆபரேட்டர். மனைவி மரகதம். ஒரே மகள் கீர்த்தனா, காலேஜில் புள்ளியியல் இரண்டாம் வருடம். இருவரும் இந்த டைரியைப் படித்துவிடுவார்களோ என்ற பயம் இல்லை. என் கையெழுத்தே காவல்.

வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் நிறுத்திவிட்டார்களாம், உள்ளூர் ஆர்டரும் வற்றிவிட்டதாம். நூற்று நாற்பது பேர் வீட்டில்.

இன்று நாலரைக்கு எழுந்து, குளித்து, நீலச் சட்டை போட்டு, கேட்டைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பால்காரர் கேட்டார், "லீவுங்களா?"

"ஆமாங்க. கொஞ்சம் நீள லீவு."

ஜனவரி 9, வியாழன்

சமையலறையை நிர்வாகம் செய்யப் போனேன். மசாலா டப்பாக்களை எடை வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பேனாவால் நம்பர் போட்டேன். சாயங்காலம் ரசத்தில் மஞ்சளுக்குப் பதில் கடலைமாவு விழுந்தது.

"ஏனுங்க, நீங்க ஹால்ல உக்காருங்க. அதான் உங்களுக்குச் சரியான எடம்" என்றாள் மரகதம்.

மாதம் முடிவதற்குள் இரண்டு இடத்திலிருந்து ஆட்குறைப்பு.

ஜனவரி 15, புதன்

மோல்டிங் செக்‌ஷன் குப்புராஜ் போய்விட்டான். தானாகத் தேடிக்கொண்டது. எப்படி என்று எழுதக் கை வரவில்லை. போன வாரம் என்னிடம் வண்டியை நிறுத்தி, "பொங்கலுக்கு வீட்டுக்கு வாங்கண்ணா" என்றான்.

பொங்கலுக்குப் போனேன். கூட்டமாக இருந்தது.

ஜனவரி 20, திங்கள்

ஃபோர்மேன் தேவசகாயம் சார் எங்களையெல்லாம் அவர் வீட்டு மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். கம்பெனி இருந்தபோது திட்டுவதற்குத்தான் கூப்பிடுவார். பழக்கதோஷத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டே நின்றோம்.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆலோசகர் அம்மா வந்திருந்தார். சின்ன வயசு, பெரிய தைரியம். ஆலைகள் மூடுகிற காலத்தில் உயிரை மாய்த்துக்கொள்கிறவர்கள் எண்ணிக்கை உலகத்தில் பல ஊர்களிலும் கூடியிருக்கிறதாம். வேலை போவது மட்டும் காரணம் இல்லையாம். வேலையோடு ஆளின் மரியாதை, பேச்சுத்துணை, காலையில் எழுந்திரிக்க ஒரு காரணம் எல்லாம் சேர்ந்து போய்விடுகிறதாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகளைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்: தூக்கம் கெடுவது. கலகலப்பான ஆள் அடங்கிப்போவது. ஆசையாக வைத்திருந்த பொருள்களைத் தூக்கிக் கொடுப்பது. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைப்பது. 'நான் இல்லாட்டியும் ஓடும்' என்கிற மாதிரிப் பேச்சு.

"சந்தேகம் வந்தா நேரா கேட்டுடுங்க, சாகணும்னு நெனப்பு இருக்கான்னு. கேக்கறதால அந்த நெனப்பு புதுசா வந்துடாதுங்க. கேக்காம விடறதுதான் ஆபத்து. கேட்டுட்டு, தனியா விடாம எங்ககிட்டக் கூட்டிட்டு வாங்க."

பிறகு தேவசகாயம் சார் எழுந்தார். "உலையில என்ன சட்டம்?"

மொட்டை மாடியே சொல்லியது: "ரிலீவர் வராம எடத்தை விட்டுப் போகக் கூடாது."

அது உண்மையான சட்டம். அடுத்த ஷிப்ட்காரன் வந்து ரிஜிஸ்டரில் 'நிலைமை சரி, பொறுப்பேற்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் உலையை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. கீர்த்தனா பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும், ரிலீவர் வராமல் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். மரகதம் அதை இன்னும் மறக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை ஞாபகப்படுத்துகிறாள்.

"இப்ப உலை அணைஞ்சு போச்சு. ஆளுங்க அணையக் கூடாது. ஆளுக்கு ஒருத்தரைப் பார்த்துக்குங்க" என்றார். என்னைத் தனியாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டு, "நாச்சிமுத்து, ஆறுக்குட்டி உன் பொறுப்பு. அவனுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

அந்த ஒன்றேகால் மணி நேரத் தாமதக்காரன்தான் ஆறுக்குட்டி. இருபது வருடம் என் ரிலீவர்.

ஜனவரி 22, புதன்

டூட்டி முதல் நாள். ஒன்பது மணிக்கு ஆறுக்குட்டி வீட்டுக்கு எதேச்சையாகப் போவது மாதிரிப் போகலாம் என்று கிளம்பினால், எட்டு மணிக்கே அவனே என் வாசலில் நிற்கிறான்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேனுங்க மாப்ள. என்ன டிபனுங்க?"

கண்காணிக்கப்பட வேண்டியவன் தானாக வந்து மாட்டுவது கண்காணிப்பவனுக்கு எவ்வளவு வசதி! பெட்ரோல் மிச்சம்.

இருபது வருடம் பழகியிருக்கிறோம் என்று பெயர். உண்மையில் தினம் பத்து நிமிடம்தான், ஷிப்ட் மாறும்போது. ஒரு முழு நாள் சேர்ந்து இருந்தது இன்றுதான். அந்தாள் பேச்சை நிறுத்துவதே இல்லை. வயிற்றுப் பொருமலைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம். இவனைப் பார்த்துக்கொள்ளப் போய் எனக்கு ஏதாவது ஆகிவிடும் போலிருக்கிறது.

அறிகுறிகள் சோதனை: தூக்கம் – மதியம் என் பாயில் குறட்டை. அடங்கிப்போவது – இல்லவே இல்லை. பொருளைத் தூக்கிக் கொடுப்பது – மாறாக, என் குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

போகும்போது சமையலறையில் மரகதத்திடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் ஏதோ குசுகுசுவென்று பேசினான். சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டை வேறு எடுத்தான். சட்னிக் குறிப்பாக இருக்கும்.

ஜனவரி 27, திங்கள்

விளாங்குறிச்சியில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குச் செக்யூரிட்டி வேண்டும் என்றார்கள். இருவரும் போனோம். சூப்பர்வைசருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சல்யூட் அடிக்கச் சொன்னார். ஆறுக்குட்டி இடது கையால் அடித்தான். வலது கையில் டீ இருந்ததாம்.

எனக்கு இங்கிலீஷ் பரீட்சை. "நான் விசிட்டர். என்ன கேப்பீங்க?"

"மே ஐ ஹெல்ப் யூ?"

"நோ" என்றார், என்ன செய்கிறேன் என்று பார்க்க.

வேண்டாம் என்கிறவரை நாம் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? உட்கார்ந்துவிட்டேன்.

வேலை கிடைக்கவில்லை. வெளியே வந்து இருவரும் சிரித்தோம். ஆறுக்குட்டி உடனே நோட்டை எடுத்து ஏதோ கிறுக்கினான். வயசான காலத்தில் கவிதை எழுத ஆரம்பித்துவிட்டானோ? ஆலோசகர் அம்மா அதை அறிகுறியில் சேர்க்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

என் கலைக்கு வீட்டில் மரியாதை வந்துவிட்டது. இருபத்தொரு வருடமாக என் குரலை, கிரைண்டரில் கல் மாட்டிய மாதிரி இருக்கிறது என்று சொல்லி வந்தவள் இன்று குளிக்கப் போகும்போது, "ஏனுங்க, பாடிட்டே குளிங்க" என்கிறாள்.

"எதுக்கு?"

"கேக்கோணும்னு ஆசையா இருக்குது."

பாடினேன். இரண்டாவது சரணத்துக்கு முன் சோப்புப் போட ஒரு நிமிடம் நிறுத்தினால், கதவுக்கு வெளியிலிருந்து, "ஏனுங்க! ஏன் நிறுத்திட்டீங்க?" என்று ஒரு சத்தம். இப்படியொரு ரசிகையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் வீணடித்துவிட்டேன்.

குளியலறைத் தாழ்ப்பாள் ரிப்பேர் என்று கழற்றி வைத்திருக்கிறாள். நான் மாட்டித் தருகிறேன் என்றால், அவசரமில்லையாம்.

பிப்ரவரி 8, சனி

கீர்த்தனா இப்போதெல்லாம் அவள் அறையில் படிப்பதில்லை. எனக்குப் பக்கத்தில் ஹாலில்தான். ஃபேன் காற்று இங்கேதான் நன்றாக வருகிறதாம். இது மாசி கூடப் பிறக்காத குளிர். இவள் ஃபேனைத் தேடுகிறாள்.

காலேஜ் புராஜெக்ட். ஒரு தாளில் இரண்டு கோடு.

"இது வேலை இல்லாதவங்க கோடுப்பா. இது தற்கொலைக் கோடு. இது ஏறும்போது பல இடத்துல அதுவும் கூடவே ஏறுது."

"சந்தைக்குப் போற புருஷன் பொண்டாட்டி மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. "ஆனா எல்லா நாட்டுலயும் இல்லப்பா. சில நாட்டுல இந்தக் கோடு ஏறிட்டே போயிருக்கு, அந்தக் கோடு கூடப் போகலை. வேலை போனவங்களை அங்க தனியா விடலை. வேற வேலைக்குப் பழக்கினாங்க, கூப்பிட்டுப் பேசினாங்க."

"அந்த ஊர்ப் பசங்க கணக்குல வீக்கா இருப்பாங்க, அம்மிணி. கோடு தப்பாப் போட்டிருப்பாங்க."

"அப்பா. இந்தக் கோட்டுல ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடுப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேனா இன்னும் அவள் கையில் இருந்ததால் என் விரலெல்லாம் மை.

பிப்ரவரி 11, செவ்வாய்

உருப்படியான நாள். பீரோவைக் காலி செய்து ஒழுங்குபடுத்தினேன். ரேஷன் கார்டு, இன்சூரன்ஸ், வீட்டு வரி ரசீது எல்லாம் தனித்தனி ஃபைல், மேலே பெயர். மரகதத்துக்கு ஃப்யூஸ் போடவும், மோட்டார் காற்றுப் பிடித்தால் என்ன செய்வதென்றும் சொல்லிக் கொடுத்தேன். ஸ்பேனர் செட்டைப் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ரஃபிக்குக் கொடுத்துவிட்டேன். பதினாறு வருடமாக யாரையும் தொட விடாமல் வைத்திருந்தது. எனக்கு இனி எதற்கு?

ஒரு ஆள் இல்லாவிட்டாலும் வீடு ஓட வேண்டும் அல்லவா? நிர்வாகம் என்றால் அதுதான். நான் சொன்னதும் கீர்த்தனா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வெயில்.

சாயங்காலம் ரஃபி ஸ்பேனர் செட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். "அக்கா சொன்னாங்க, நீங்களே வெச்சிருங்கண்ணே." என் தானத்தைக்கூட வாங்க ஆள் இல்லை.

ஆறுக்குட்டி: அறிகுறி எதுவும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

தூக்கம் இல்லை. கொசு.

பிப்ரவரி 17, திங்கள்

கீர்த்தனா என் போனில் சாப்பாடு டெலிவரி ஆப் போட்டுக் கொடுத்தாள். நான் வண்டி ஓட்ட, ஆறுக்குட்டி பின்னால் பிரியாணியை மடியில் வைத்துக்கொண்டான். வழி சொல்லும் பெண் குரல் "வலது பக்கம் திரும்பவும்" என்றால், இவன் "அந்தப் பொண்ணுக்கு இந்த ஊரே தெரியாது, நேராப் போங்க மாப்ள" என்றான். அவள் திரும்பச் சொல்ல, இவன் மறுக்க, நான் நடுவில். கல்யாணமான புதிதில் என் அம்மாவுக்கும் மரகதத்துக்கும் நடுவில் ஓட்டிய அனுபவம் மட்டும் இல்லாவிட்டால் இன்றே விழுந்திருப்போம்.

ஐம்பது நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்த பெண் எங்கள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு ஸ்டாரும் கொடுத்தாள்.

ஆறுக்குட்டி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பது சுலபம், வாயைத் திறந்தால் போதும்.

பிப்ரவரி 24, திங்கள்

கொசு.

பிப்ரவரி 26, புதன்

நாளைக் காலை பொள்ளாச்சி போகிறேன், அக்கா வீட்டுக்கு. ஆறுக்குட்டியை நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் டூட்டிக்கு லீவு போட்டால் உலகம் கவிழாது.

கீர்த்தனாவின் செருப்பு வார் அறுந்திருந்தது. தைத்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

மரகதம் குளித்துக்கொண்டிருக்கும்போது ஆறரைக்கே கிளம்பிவிட்டேன். "பொள்ளாச்சிக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று கதவுக்கு வெளியிலிருந்து சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்க நிற்கவில்லை. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் ஊதி, பஸ் நகர ஆரம்பித்தபோது ஒரு ஆள் ஓடி வந்து தொற்றி ஏறினான். சட்டைப் பட்டன் ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தது. ஒரு காலில் அவன் செருப்பு, இன்னொரு காலில் அவன் பெண்டாட்டி செருப்பு.

ஆறுக்குட்டி என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

"எங்க மச்சா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க போற எடத்துக்குத்தானுங்க."

"நான் எங்கக்கா வீட்டுக்குப் போறேன்."

"நல்லதாப் போச்சு. இருபது வருஷத்துல உங்கக்காளை நான் பாத்ததே இல்லை. பாத்துட்டு வந்தர்றேன்."

பேச்சை மாற்றலாம் என்று பார்த்தால் அவன் வயிற்றுப் பொருமலைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுந்தராபுரம் தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தான். கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் வாசித்தான்:

"மாப்ள, உங்களுக்குச் சாகோணும்னு நெனப்பு இருக்குதுங்களா?"

முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரின் கை அப்படியே நின்றது.

"மெதுவாக் கேளுங்க மச்சா!"

"நேராக் கேக்கோணும்னு அந்த டாக்டரம்மா சொல்லுச்சு. சத்தமாவா மெதுவாவான்னு சொல்லலீங்க."

"அது உங்களைக் கேக்கறதுக்கு எனக்குச் சொன்னது! நீங்கதான் என் டூட்டி. தேவசகாயம் சார் என்கிட்டச் சொன்னாரு."

ஆறுக்குட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஏனுங்க மாப்ள, நீங்கதான் என் டூட்டி. எனக்கும் அவருதான் சொன்னாரு. தண்ணித் தொட்டிப் பக்கம் கூப்பிட்டு."

அதே தண்ணீர்த் தொட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன், சிரித்தேன், நிற்கவே இல்லை. பிறகு பார்த்தால் அது சிரிப்பு இல்லை. முன் சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார். கண்டக்டர் குனிந்து, "கிணத்துக்கடவுல நிறுத்தறேனுங்க. எறங்கிப் பொறுமையாப் பேசுங்க" என்றார். நாங்கள் இறங்கி நிழற்குடையில் உட்காரும் வரை அவர் விசில் ஊதவில்லை.

அங்கே ஆறுக்குட்டி மறுபடியும் கேட்டான், இந்த முறை மெதுவாக. நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. அவனுக்குத் தெரியும், அது போதும். ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பொள்ளாச்சியில் எனக்கு அக்கா இல்லை. எந்த ஊரிலும் இல்லை. நான் ஒற்றைப் பிள்ளை.

"தெரியுமுங்க" என்றான். "நீங்க கிளம்புனதும் உங்க வீட்டுக்காரம்மா ஈரத்தலையோட போன் பண்ணுச்சு. பொள்ளாச்சின்னதும் உக்கடத்துக்கு ஓடி வந்தேன். உங்களுக்கு அக்கா இருந்திருந்தா, கீர்த்தனா பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரியில தனியா கெடந்து அது அழுதிருக்காதுன்னு சொல்லுச்சு." எல்லாம் தெரிந்த மரகதத்திடமே ஏன் அக்கா என்று சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு அவன் முறை. நானும் டூட்டியைச் செய்தேன். நேராகக் கேட்டேன்.

"இருந்துச்சு" என்றான். "குப்புராஜ் போன அந்த வாரம் ரொம்ப இருந்துச்சு. அப்பறம் சார் உங்களைப் பாத்துக்கச் சொல்லிட்டாரு. தெனம் காத்தால எட்டு மணிக்கு உங்க வீட்டுக்கு வந்தாகோணும். நான் போயிட்டா நாளைக்கு யாரு வருவாங்கன்னு ஒரு ரோசனை. இப்படியே ஒரு மாசம் ஓடிப்போச்சுங்க."

"அப்ப அந்தப் பொருமல் கதையெல்லாம்?"

"அது நெசமுங்க."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பவுண்டரி ரிஜிஸ்டர் மாதிரியே கோடு போட்டு வைத்திருந்தான். தேதி, நேரம், நிலைமை, கையெழுத்து. 'இட்லி 4. சிரிப்பு 2. பேச்சு சுமார்.' 'சல்யூட் விஷயத்தில் நன்றாகச் சிரித்தார்.' 'இன்று சிரித்தது பொய்ச் சிரிப்பு.' ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நேராக, 'பொறுப்பேற்றேன்' – கீழே மரகதத்தின் கோணல் கையெழுத்து. காபி குடிக்க நின்ற அந்த ஐந்து நிமிடம். நடுநடுவே கீர்த்தனாவின் இங்கிலீஷ் கையெழுத்து, ஃபேன் காற்று.

பிப்ரவரி பன்னிரண்டில் மரகதம் எழுதியிருந்தாள்: 'ராத்திரி தூங்கலை. கொசு என்றார். கொசு இல்லை.'

முப்பத்தாறு நாள். ஒரு நாள் கூட என்னைக் கைமாற்றாமல் விட்டிருக்கவில்லை. நேற்றைய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஆறுக்குட்டி பேனாவை எடுத்து, 'காலை 7.50. கிணத்துக்கடவு' என்று எழுதினான். நிலைமை என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'சரியில்லை. கூடவே இருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அங்கிருந்தே ஆலோசகர் அம்மாவுக்குப் போன் செய்தோம். நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். திரும்புகிற பஸ்ஸில் ஆறுக்குட்டி கூச்சப்பட்டுக்கொண்டே அவன் பெண்டாட்டி செருப்பை ஒளித்து வைத்துக்கொண்டான். பூப்போட்ட செருப்பு.

ஆஸ்பத்திரி வாசலில் மரகதம் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "உள்ள போலாமுங்க" என்றாள்.

மார்ச் 5, புதன்

டாக்டர் இருவருக்கும் தனித்தனியாகச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாரம் ஒருமுறை ஆலோசகர் அம்மாவிடம் பேச வேண்டும். இது ஒரு வியாதிதான், குணமாகும் என்கிறார். பத்தாவது கணக்கில் பாஸ் ஆகிவிடுவேன் என்று வாத்தியார் சொன்னபோது நம்பினேன். இவர் சொல்வதையும் நம்பிப் பார்க்கலாம்.

மாத்திரையால் வாய் உலர்கிறது. ஆறுக்குட்டிக்கும் அப்படித்தானாம். அதனால் அவன் பேச்சுக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மருத்துவம் முன்னேறிவிட்டது.

தேவசகாயம் சாரை இருவரும் சேர்ந்து போய்ச் சண்டை பிடித்தோம். "ரெண்டு பேரையும் பார்த்தா எனக்கு ஒரே மாதிரி பயமா இருந்திச்சு. நீ அவன்கிட்டப் போன்னா போவியா? அவனைப் பார்த்துக்கன்னா போவே" என்றார். பிறகு, "குப்புராஜுக்குத்தான் நான் லேட்டு" என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்.

மார்ச் 12, புதன்

ஆறு மணி நேரம் தூங்கினேன். கொசு இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

மார்ச் 21, வெள்ளி

விளாங்குறிச்சி அபார்ட்மென்ட்டிலிருந்து அதே சூப்பர்வைசர் போன். செக்யூரிட்டி இல்லை, கழிவுநீர் சுத்திகரிக்கிற பிளான்ட்டுக்கு ஆபரேட்டர் இரண்டு பேர் வேண்டும். வால்வு, மோட்டார், மீட்டர் தெரிந்த ஆள். இங்கிலீஷ் தேவையில்லை, கழிவுநீரிடம் நாம் ஹெல்ப் வேண்டுமா என்று கேட்க வேண்டியதில்லை.

ஆயிரத்து ஐந்நூறு டிகிரி இரும்பைக் கட்டி மேய்த்தவன் இனி முந்நூறு வீட்டுக் கழிவை மேய்க்கப் போகிறேன். சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. காலை ஆறிலிருந்து இரண்டு எனக்கு. இரண்டிலிருந்து பத்து ஆறுக்குட்டிக்கு.

"நாத்தம் எப்படி மாப்ள?" என்றான்.

"உங்க பொருமலுக்குத் தேவலை."

கீர்த்தனாவிடம் சொன்னபோது, அவள் புராஜெக்ட் தாளை எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் பேனாவால் இரண்டு புள்ளி வைத்தாள். "இது நீங்க. இது ஆறுக்குட்டி மாமா." மேடம் மார்க் குறைப்பார்கள் என்றேன். குறைத்தால் குறைக்கட்டும் என்கிறாள். கணக்கில் என் ரத்தம்தான்.

மார்ச் 30, ஞாயிறு

குளியலறைத் தாழ்ப்பாளை மரகதமே எடுத்துக் கொடுத்தாள். என் ஸ்பேனர் செட்டால் மாட்டினேன். உள்ளே போய்த் தாழிட்டு, வழக்கம்போல் பல்லவியை ஆரம்பித்தேன்.

கதவில் படபடவென்று தட்டு. "ஏனுங்க! இனிமேப் பாட வேண்டாமுங்க. பக்கத்து வீட்டுல கொழந்தை தூங்குது!"

வெறும் தண்ணீர்ச் சத்தத்தில் குளித்தேன். பாடாமல் குளித்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 2, புதன்

பிளான்ட் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியை இங்கே கொண்டுவந்துவிட்டேன். இங்கே யாரும் மோப்பம் பிடித்துக்கூட வர மாட்டார்கள்.

மணி இரண்டே கால். என் ஷிப்ட் முடிந்து பதினைந்து நிமிடம் ஆகிறது. மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது, மீட்டர் சரி, வால்வு சரி. இப்போது எழுந்து போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இது உலை இல்லை. வீட்டில் மரகதம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருக்கிறாள். பசி குடலைப் பிடுங்குகிறது. பசிப்பது நல்ல அறிகுறி என்று ஆலோசகர் அம்மா சொல்லியிருக்கிறார்.

ஆறுக்குட்டி லேட். இருபது வருடமாக லேட். கேட்டால் வயிறு என்பான். என்ன சொல்லித் திட்டலாம் என்று நாலைந்து வார்த்தை தயாராக வைத்திருக்கிறேன்.

ரிஜிஸ்டரைப் பிரித்து வைத்துவிட்டேன். நிலைமை: சரி. கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

ரிலீவர் வராமல் இடத்தை விட்டுப் போகக் கூடாது. உட்கார்ந்திருக்கிறேன்.